முதல் ஆட்டோமேட்டிக் வாஷிங் மெஷினைத் தரையோடு போல்ட் அடித்து வைத்தார்களாமே, நிஜமா?

வில்லாபுரம் மாடிவீடு:
புதிதாக ஃப்ரண்ட் லோடு மெஷின் வாங்கியிருக்கிறோம். துவைக்கிற வரைக்கும் சாது, பிழிய ஆரம்பித்ததும் தடதடவென்று ஆடிக்கொண்டே பாத்ரூம் வாசலை விட்டு நகர்ந்து வந்துவிடுகிறது, கீழ்வீட்டு அக்கா பயந்துபோய் மேலே ஏறி வந்துவிட்டார். "ஆரம்ப காலத்தில் இதைத் தரையில் போல்ட் அடித்துத்தான் வைப்பார்கள், நாமும் அடித்துவிடலாம்" என்கிறார் கொத்தனார். நிஜமா, அளந்துவிடுகிறாரா?

சிம்மக்கல் சுந்தரம்:
நிஜம்தான். 1937இல் அமெரிக்காவில் பெண்டிக்ஸ் நிறுவனம் கொண்டுவந்த மெஷின்தான் வீட்டுக்கான முதல் ஆட்டோமேட்டிக், அதுவும் உங்களுடையது மாதிரி முன்பக்கம் கதவு வைத்தது. அதன் விலை அன்றைக்குப் பெரிய பணம். தண்ணீர் பிடிப்பது, துவைப்பது, அலசுவது, பிழிவது எல்லாம் தானாக நடக்கும், ஆனால் டிரம்மைத் தாங்க ஸ்பிரிங் கிடையாது. ஈரத்துணி ஒரு பக்கமாகச் சேர்ந்துகொண்டு சுற்றினால் அந்த ஆட்டம் முழுக்க வெளிப்பெட்டிக்குத்தான் போகும், அதனால் தரையோடு இறுக்கினார்கள். அப்புறம் இரண்டாம் உலகப்போர் வந்து தயாரிப்பே நின்றுபோனது, 1947இல்தான் ஜெனரல் எலெக்ட்ரிக் தன் முதல் டாப் லோடு ஆட்டோமேட்டிக்கை இறக்கியது.

திருநகர் ரிட்டயர்டு:
1937க்கு முன்னால் மெஷினே இல்லை என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். மோட்டார் வைத்த மெஷின்கள் அதற்கு முப்பது வருஷம் முந்தியே உண்டு. அமெரிக்காவின் ஆல்வா ஃபிஷர்தான் அதைக் கண்டுபிடித்தார் என்று பல இடங்களில் எழுதுகிறார்கள், அவருக்கு 1910இல் பேட்டன்ட் கிடைத்தது சரி, ஆனால் 1904லேயே மின்சார வாஷருக்கு அங்கே பத்திரிகை விளம்பரம் வந்திருக்கிறது. அந்த மெஷின்கள் துணியைக் கலக்கிக் கொடுக்கும், அவ்வளவுதான். பிழிவதற்கு மேலே இரண்டு ரப்பர் உருளை இருக்கும், துணியை நடுவில் கொடுக்கும்போது கொஞ்சம் அசந்தால் விரலோடு கையையும் இழுத்துக்கொள்ளும், குழந்தைகள்கூட மாட்டியிருக்கிறார்கள். என்னைக் கேட்டால் பெண்டிக்ஸின் பெரிய சாதனை துவைத்தது இல்லை, அந்த உருளையை ஒழித்ததுதான்.

செல்லூர் மெக்கானிக்:
தம்பி, தயவுசெய்து தரையில் துளை போட்டுவிடாதீர்கள். இப்போது வருகிற மெஷினில் டிரம் ஸ்பிரிங்கில் தொங்கும், கீழே ஷாக் அப்சார்பர் தாங்கும், உள்ளே கனத்துக்குக் காங்கிரீட் கட்டிகூட வைத்திருப்பான். லாரியில் வரும்போது டிரம் ஆடக்கூடாது என்று பின்பக்கம் மூன்று நாலு டிரான்சிட் போல்ட் போட்டுத்தான் அனுப்புவார்கள். அதைக் கழற்றாமல் ஓட்டினால் ஸ்பிரிங் இருந்தும் இல்லாத கதைதான், 1937 மெஷின் மாதிரியே நடக்கும். முதலில் மெஷினைத் திருப்பிப் பின்னால் பாருங்கள்.

வில்லாபுரம் மாடிவீடு:
பார்த்தேன் அண்ணே, நாலும் அப்படியே இருக்கிறது! டெலிவரி கொடுத்த பையன் பைப்பை மாட்டிவிட்டுப் போயே போய்விட்டான். எந்த ஸ்பேனர்?

செல்லூர் மெக்கானிக்:
மெஷினோடு வந்த பையில் ஒன்று கிடக்கும், இல்லாவிட்டால் பத்தாம் நம்பர் போட்டுப் பாருங்கள். கழற்றிய போல்ட்டைத் தூக்கிப் போடாதீர்கள், வீடு மாற்றும்போது தேவைப்படும்.