பேசிக் ட்ரெயினிங் முடிந்தது, ஏஐடி நடக்கும் ஊருக்கே நானும் போய்விடலாமா?

எடிசன்_ராஜி:
என் வீட்டுக்காரர் கிரீன் கார்டில் இருக்கும்போதே அமெரிக்க ஆர்மியில் சேர்ந்தார். சவுத் கரோலினா ஃபோர்ட் ஜாக்சனில் பேசிக் ட்ரெயினிங் முடிந்து இந்த வியாழக்கிழமை கிராஜுவேஷன், அங்கிருந்து நேராக வர்ஜீனியா ஃபோர்ட் லீயில் ஏஐடி, அதாவது அவருடைய வேலைக்கான அடுத்த கட்டப் பயிற்சி, சப்ளை வேலை. நானும் மூன்று வயதுப் பையனும் நியூஜெர்சி எடிசனில் இருக்கிறோம். அவர் சேர்வதற்கு முன் போட்ட லீஸ், முடிய இன்னும் ஏழு மாதம் இருக்கிறது. ஊரிலிருந்து மாமியார் தினமும் போனில் "அவன் இருக்கிற இடத்துக்குப் போய்ச் சேரு" என்கிறார். ஃபோர்ட் லீ பக்கத்தில் சின்னதாக ஒரு வீடு பிடித்துப் போய்விடலாமா, பொறுத்திருக்கவா?

கிலீன்_சுதா:
போகாதீங்க ராஜி. ஏஐடியிலும் அவர் பாரக்ஸில், அதாவது ஆர்மி விடுதியில்தான் படுக்கணும், நீங்கள் கேட்டுக்குப் பக்கத்தில் வீடு எடுத்தாலும் ராத்திரி வீட்டுக்கு அனுப்ப மாட்டார்கள், வார இறுதியில் பாஸ் கிடைத்தால் உண்டு. ஒரே இடத்தில் 20 வாரத்துக்குக் குறைவான பயிற்சி என்றால் குடும்பம் மாறும் செலவை ஆர்மி தராது, சப்ளை ஏஐடி அதைவிடக் குறைவுதான். அப்புறம் சில வாரத்திலேயே மறுபடி மூட்டை கட்டணும், அதுவும் கைக்குழந்தை மாதிரி ஒன்றை வைத்துக்கொண்டு.

இப்போது வருகிற வீட்டு அலவன்ஸ், அதாவது பிஏஎச், நீங்கள் இருக்கும் ஊர்க் கணக்கில் வரும். அவர் பயிற்சி முடிந்து வேலைக்குப் போகும் முதல் டியூட்டி ஸ்டேஷனில் போய் ரிப்போர்ட் செய்ததும் அந்த ஊர் ரேட்டுக்கு மாறிவிடும். டெக்சஸில் ஃபோர்ட் ஹூட் கிடைத்தால் பக்கத்து ஊர் கிலீன் ரேட்தான், அதில் எடிசன் வாடகை கட்டி மாளாது. அதனால் கிளம்பவேண்டிய நேரம் அப்போதுதான். ஆர்டர்ஸ், அதாவது ஆர்மி தரும் இடமாற்ற உத்தரவு, வந்ததும் முதலில் பார்க்கவேண்டியது உங்கள் பேரும் பையன் பேரும் அதில் இருக்கிறதா என்று. இல்லாவிட்டால் திருத்தி வாங்கச் சொல்லுங்கள், அதுவரை ஒரு அட்டைப்பெட்டி கூட ஒட்டாதீங்க.

கார்த்தி_பிராக்:
லீஸைப் பற்றிக் கவலை வேண்டாம் சிஸ்டர். எஸ்சிஆர்ஏ என்று ஒரு ஃபெடரல் சட்டம் இருக்கிறது, சேர்வதற்கு முன் கையெழுத்துப் போட்ட லீஸையும் அபராதம் இல்லாமல் முறிக்கலாம், மனைவி பேர் அதில் இருந்தாலும் சரி. எழுத்தில் நோட்டீஸ், கூடவே ஆர்டர்ஸ் காப்பி. மார்ச் 10 கொடுத்தால் அடுத்த வாடகை நாள் ஏப்ரல் 1, அதிலிருந்து 30 நாள், மே 1 அன்று லீஸ் முடிந்தது. எங்கள் பழைய அபார்ட்மெண்ட் மேனேஜர் "அப்படி ஒன்றும் கிடையாது, இரண்டு மாத வாடகை கட்டு" என்றுதான் ஆரம்பித்தார், ஆர்மி பேஸில் இருக்கும் லீகல் ஆபீசிலிருந்து ஒரு கடிதம் போனதும் அடங்கிவிட்டார். அந்த ஆபீஸ் இலவசம். உங்கள் வீட்டுக்காரரை அங்கே போய் உங்கள் பேருக்கு பவர் ஆஃப் அட்டர்னி எழுதித் தரச் சொல்லுங்கள், அவர் கையெழுத்து இல்லாமல் நிறைய வேலை நகராது.

நிலா_அம்மா:
சுதா சொல்வது சரி, ஆனால் முதல் போஸ்டிங் கொரியா வந்தால் கதை வேறு. அங்கே பலருக்குக் குடும்பம் இல்லாமல் ஒரு வருஷம்தான் தருகிறார்கள், நீங்கள் எடிசனிலேயே இருக்கலாம். ஜெர்மனி என்றால் உங்களுக்கும் பையனுக்கும் மெடிக்கல் ஸ்கிரீனிங் முடிந்த பிறகுதான் கூட்டிப்போக அனுமதி.

டீர்ஸில், அதாவது ராணுவக் குடும்பங்களின் பதிவேட்டில், ரெண்டு பேரையும் பதிந்தாயிற்றா? இல்லாவிட்டால் ட்ரைகேர் என்ற ராணுவ மருத்துவக் காப்பீடு வேலை செய்யாது, பையனுக்கு ஜுரம் வந்தால்தான் அது தெரியும். கல்யாண சர்டிஃபிகேட், பையன் பர்த் சர்டிஃபிகேட், பாஸ்போர்ட், கிரீன் கார்டு எல்லாம் கைப்பையில் வரணும், மூவர்ஸ் லாரியில் ஏறவே கூடாது. வீடு மாறிய 10 நாளுக்குள் குடியேற்ற அலுவலகமான யுஎஸ்சிஐஎஸ்-ல் முகவரி மாற்றணும், ஆர்மி மாற்றினாலும் நமக்கு அந்த விதி உண்டு.

எடிசன்_ராஜி:
எல்லாருக்கும் நன்றி. அப்போ இப்போதைக்கு இங்கேயே இருக்கிறேன், டீர்ஸ் பதிவு ஆயிற்றா என்று கிராஜுவேஷனுக்கு முந்தின நாள், புதன்கிழமை ஃபேமிலி டேயில் குடும்பத்தைப் பார்க்க விடும்போது அவரிடமே கேட்டுவிடுகிறேன். மாமியாரை எப்படியாவது சமாளிக்கணும். இன்னொன்று, கல் கிரைண்டரை மூவர்ஸ் ஏற்றுவார்களா?

கிலீன்_சுதா:
ஏற்றுவார்கள். குழவியைத் தனியாகச் சுற்றச் சொல்லுங்கள், உள்ளேயே விட்டால் டிரம் நசுங்கிவிடும். பேக் பண்ணும் முன் ஓடவிட்டு ஒரு வீடியோ எடுத்து வையுங்கள், உடைந்தால் க்ளெய்ம் போட உதவும். இ-4 என்ற ரேங்க் வரைக்கும் குடும்பத்தோடு என்றால் ஆர்மி செலவில் 8,000 பவுண்ட் சாமான் வரை ஏற்றலாம், கிரைண்டர் அதில் எங்கே தெரியப்போகிறது.