பாக்கெட் நொறுக்குக்குப் பதிலாக வீட்டில் என்ன செய்து வைக்கிறீர்கள்?

கோவைக்காரி:
இரண்டு பேரும் வேலைக்குப் போகிறோம், வீடு திரும்ப ஆறரை ஆகிவிடும். பெரியவனுக்கு 9 வயது, சின்னவளுக்கு 3. நாலு மணிக்குப் பள்ளி வண்டியில் வந்து இறங்கியதும் அவன் சிப்ஸ் பாக்கெட்டைத்தான் தேடுகிறான், அதைப் பார்த்து அவளும் கை நீட்டுகிறாள், ராத்திரி சோறு வைத்தால் இருவருக்குமே வேண்டாம். மாமியார் கூட இருக்கிறார், ஆனால் முழங்கால் வலி, அடுப்பு முன்னால் ரொம்ப நேரம் நிற்க முடியாது. போன மாதம் ஒரு ஞாயிறு முழுக்க முறுக்கு சுட்டேன், புதன்கிழமைக்குள் நமுத்துப் போனது. எனக்கு ஞாயிறு காலை ஒன்றரை மணி நேரம்தான் கிடைக்கும். என்ன செய்யலாம்?

அவல் பிரியை:
முறுக்கை விடுங்கள், முதலில் அவல் மிக்சர் செய்து பாருங்கள். மெல்லிசு அவல் கால் கிலோ, வெறும் கடாயில் சின்னத் தீயில், கையில் எடுத்து நசுக்கினால் பொடியாகிற வரை வறுத்துத் தனியே கொட்டிவிடுங்கள். அதே கடாயில் 2 மேசைக்கரண்டி எண்ணெய், வேர்க்கடலை, பொட்டுக்கடலை, கறிவேப்பிலை, மஞ்சள்தூள், மிளகாய்த்தூள், பெருங்காயம், உப்பு, மறுபடி அவல். கறிவேப்பிலை மொறுமொறுவென்று ஆக வேண்டும், அதில் ஈரம் இருந்தால் டப்பா முழுக்க நமுத்துவிடும். அரை மணி நேர வேலை, பத்து நாள் தாங்கும். சின்னவளுக்கு மட்டும் முழு வேர்க்கடலை வேண்டாம், 3 வயதில் மூச்சுக்குழாயில் போய் அடைத்துக்கொள்ளும், அவள் பங்கைக் கடலை போடுவதற்கு முன்பே தனியே எடுத்துவிடுங்கள்.

ரிப்பன்:
முறுக்கை ஏன் விட வேண்டும்? நமுத்ததற்குக் காரணம் இரண்டுதான் இருக்கும். எண்ணெயில் சலசலப்பு அடங்கும் முன்பே எடுத்திருப்பீர்கள், இல்லாவிட்டால் சூடாகவே டப்பாவில் போட்டு மூடியிருப்பீர்கள், அந்த ஆவி உள்ளேயே தண்ணீராக இறங்கும். ஒரு மணி நேரம் தாளில் பரப்பி ஆறவிடுங்கள். நான் மாதம் இரண்டு முறை ஓலை பக்கோடா பிழிகிறேன், அரிசி மாவு 2 பங்கு, கடலை மாவு 1 பங்கு, கொஞ்சம் வெண்ணெய். நேராக எண்ணெயிலேயே பிழிவதால் தட்டை மாதிரி ஒவ்வொன்றாகத் தட்டிக்கொண்டிருக்க வேண்டாம். பொரித்த எண்ணெயை மட்டும் மறுபடி பொரிக்க எடுக்காதீர்கள், ஓரிரு நாளில் தாளிக்கப் பயன்படுத்தித் தீர்த்துவிடுங்கள்.

மூன்று பிள்ளைகளின் அம்மா:
எனக்கு இரண்டுமே இரண்டாம் பட்சம்தான். நாலு மணிப் பசி நிஜமான பசி, மத்தியானம் டப்பாவில் பாதி மிச்சம் வைத்துவிட்டு வருகிற பிள்ளைக்கு மொறுமொறுப்பு மட்டும் கொடுத்தால் போதாது. சனி ராத்திரி அரை கிலோ வெள்ளைக் கொண்டைக்கடலை ஊறப்போட்டு, ஞாயிறு உப்பு சேர்த்து வேகவைத்து, தண்ணீர் வடித்து, நாலு சின்ன டப்பாவாகப் பிரித்து ஃப்ரீசரில் வைத்துவிடுங்கள். காலையில் ஒரு டப்பாவைக் கீழ்த்தட்டில் இறக்கிவைத்தால் சாயங்காலம் அத்தை தாளித்துத் தேங்காய் தூவ ஐந்தே நிமிடம். சின்னவளுக்கு நன்றாக மசித்துக் கொடுக்கச் சொல்லுங்கள். இனிப்பு கேட்டால் மாலாடு: பொட்டுக்கடலைப் பொடி ஒரு கப், நாட்டுச்சர்க்கரை அரை கப், கால் கப் உருக்கிய நெய், பிடித்துவைக்க வேண்டியதுதான். அப்புறம், பாக்கெட்டை ஒரேயடியாக நிறுத்தாதீர்கள், சனிக்கிழமைக்கு ஒன்று என்று வைத்துக்கொண்டோம், அடம் குறைந்தது.

கோவைக்காரி:
சூடாகத்தான் மூடினேன் ரிப்பன், இப்போதுதான் புரிகிறது. இந்த ஞாயிறு அவலும் கொண்டைக்கடலையும் மட்டும். அத்தையிடம் சொன்னேன், தாளிப்பதை நான் பார்த்துக்கொள்கிறேன், ஆனால் மிளகாய் நான் சொல்கிற அளவுதான் என்கிறார்.