கண்டல் முளைக்கு உப்பு வேண்டுமா, வேண்டாமா?

திருநகர்வாசி:
பிச்சாவரம் பக்கத்து மாமா, கரையொதுங்கிக் கிடந்த சுரபுன்னை (கடலோரச் சதுப்பில் வளரும் கண்டல் மரங்களில் ஒன்று) முளைகள் நான்கைக் கொடுத்தார். ஒரு சாண் நீளம், முருங்கைக்காய் மாதிரிப் பச்சை. லிட்டருக்கு 35 கிராம் உப்புக் கரைத்து, மீன்தொட்டியில் நிறுத்தினேன். இரண்டு கருகிவிட்டன, இரண்டு வேர் மட்டும் விட்டிருக்கின்றன. இனி நல்ல தண்ணீர்தான். கண்டல் உப்பைத் தாங்கும் செடியே தவிர, உப்புக்கு ஏங்கும் செடி அல்ல.

உப்பளத்தான்:
அண்ணே, மரத்திலேயே முளைத்து, உவர்நீரில் விழுகிற பிள்ளை அது. அதற்கா குழாய்த் தண்ணீர்? எந்த உப்புப் போட்டீர்கள்?

திருநகர்வாசி:
கல்லுப்பு.

உப்பளத்தான்:
அப்படிச் சொல்லுங்கள்! தூத்துக்குடியில் எங்கள் பாத்தியில் உப்புப் படிந்ததும் மிச்சக் கசப்பு நீரை வடித்துவிடுவோம். மெக்னீசியத்தில் பெரும்பகுதி அதோடு போய்விடும். கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 1.3 கிராம் மெக்னீசியம் உண்டு. அது இல்லாமல் இலைப்பச்சையம் ஏது? கடல்மீன் வளர்ப்பவர்கள் வாங்கும் உப்புக் கலவையைக் கரையுங்கள். குற்றம் உப்பின் மேல் அல்ல, உங்கள் சிக்கனத்தின் மேல்.

திருநகர்வாசி:
இலையே விரியாத முளைக்குப் பச்சையக் கணக்கா? அது தாய்மரம் கட்டிக்கொடுத்த சோற்றில் இருக்கிறது. சுரபுன்னை வேரிலேயே பெரும்பாலான உப்பைத் தடுத்துவிட்டு நீரை இழுக்கிறது. உப்பு ஏற ஏற அந்த வேலை கடினம்.

செல்லூர் அக்கா:
குறைந்த தண்ணீருக்கு எதை ஊற்றினீர்கள், தம்பி?

திருநகர்வாசி:
அழகர் ஆற்றில் இறங்கிய வாரம் நான்கு விரற்கடை குறைந்தது. அதே உப்புத் தண்ணீரைத்தான் ஊற்றினேன், அக்கா. அதற்கு முன்பும் அப்படித்தான்.

செல்லூர் அக்கா:
ரசம் சுண்டினால் வெந்நீர் விடுவோமா, மறுபடி உப்புப் போடுவோமா? ஆவியாவது தண்ணீர் மட்டும். ஆர்.ஓ. தண்ணீரை ஊற்றியிருக்க வேண்டும். நம் ஆழ்துளைக் கிணற்று நீரும் வேண்டாம், அதுவே பாதி உப்பு.

திருநகர்வாசி:
அது என் தப்புத்தான். ஆனாலும் முளைக்கு முழுக் கடல்நீர் கூடாது என்பதில் மாற்றமில்லை.

உப்பளத்தான்:
கடல்மீன் இருக்கும் தொட்டியில் உப்பைக் குறைத்தால் மீனுக்கு யார் பதில் சொல்வது?

திருநகர்வாசி:
அதனால்தான் தனி வாளிக்கு மாற்றினேன். லிட்டருக்கு 15 கிராம், நீங்கள் சொன்ன கலவையேதான். இன்று காலை ஒன்றின் உச்சியில் மொட்டுறை பிளந்திருக்கிறது. படம் போடமாட்டேன், கண்பட்டுவிடும்.