இங்கிலாந்தில் ஜிசிஎஸ்இ கணக்கு: கற்றல் சிரமம் உள்ள பிள்ளைக்கு ஆன்லைன் டியூஷன் வைக்கும் முன்

வேலை விசாவில் இங்கிலாந்து வந்து, பிள்ளையை இயர் 9-இலோ 10-இலோ (13 முதல் 15 வயது வகுப்புகள்) சேர்த்திருக்கும் பெற்றோருக்காக எழுதுகிறேன். ஜிசிஎஸ்இ என்பது இங்கே பதினாறு வயதில் எழுதும் பொதுத்தேர்வு. பிள்ளைக்கு டிஸ்கால்குலியாவோ (எண்களில் தடுமாற்றம்) டிஸ்லெக்சியாவோ (வாசிப்பதில் தடுமாற்றம்) ஏடிஎச்டியோ (கவனக் குறைபாடு) இருக்கிறது, அல்லது இருக்குமோ என்று சந்தேகம். கணக்கு ஏறவே மாட்டேன் என்கிறது. உடனே ஊரில் தெரிந்த ஒரு கணக்கு சாரைப் பிடித்து ஜூமில் டியூஷன் போட்டுவிடத் தோன்றும். அதற்கு முன்னால் பள்ளியில் சென்கோ என்று ஒருவர் இருப்பார், அவரைப் பார்த்துவிடுங்கள். சிறப்புக் கல்வித் தேவைகளைக் கவனிக்கும் ஆசிரியர் அவர். ஒவ்வொரு பள்ளியிலும் கட்டாயம் உண்டு. இமெயில் போட்டு நேரம் கேட்டாலே போதும்.

பலர் இதைக் கேட்கத் தயங்குவது விசாவை நினைத்துத்தான். விசாவில் அரசு உதவித்தொகை வாங்கக் கூடாது என்று போட்டிருக்கும். மாற்றுத்திறன் உள்ள பிள்ளைகளுக்கான டிஎல்ஏ போன்ற பணம் அந்தத் தடைக்குள் வரும். ஆனால் பள்ளி தரும் சிறப்புக் கல்வி உதவி அந்தக் கணக்கில் வராது. அதிக உதவி தேவைப்படும் பிள்ளைக்குக் கவுன்சில் சட்டப்படி எழுதித் தரும் இஎச்சிபி என்கிற பெரிய திட்டத்துக்கு விண்ணப்பித்தாலும் விசாவுக்கு ஒன்றும் ஆகாது. மருத்துவச் சான்று இல்லாமலேகூடப் பள்ளி உதவியைத் தொடங்கலாம். சென்னையிலோ கோவையிலோ எடுத்த அறிக்கை இருந்தால் கையோடு கொண்டு போங்கள், அவர்களுக்கு ஒரு தொடக்கம் கிடைக்கும். பள்ளியோடு பேச்சு இழுபறியானால் உங்கள் கவுன்சில் பகுதியின் சென்டியாஸ் சேவையைக் கூப்பிடுங்கள். இலவசமாக ஆலோசனை சொல்வார்கள்.

சென்கோவிடம் முக்கியமாகக் கேட்க வேண்டியது தேர்வுச் சலுகைகள். 25 சதவீதக் கூடுதல் நேரம் கிடைத்தால் ஒன்றரை மணி நேரத் தாளில் கிட்டத்தட்ட 22 நிமிடம் கூடும். கேள்வியை வாசித்துக் காட்ட ஆளோ கணினியோ கணக்குத் தாளுக்கும் உண்டு. வாக்கியக் கணக்கில் தடுமாறும் பிள்ளைக்கு அது பெரிய உதவி. ஆனால் வெளியில் பணம் கட்டி எடுத்த அறிக்கையை மட்டும் நீட்டினால் சலுகை வந்துவிடாது. பள்ளியின் வழியாகத்தான் மதிப்பீடு நடக்க வேண்டும், அதுவும் இயர் 9-இல் அல்லது அதற்குப் பிறகு. பிள்ளை அந்த உதவியை வகுப்பிலும் வழக்கமாகப் பயன்படுத்துகிறான் என்பதற்கு ஆதாரம் கேட்பார்கள். தேர்வு வருடத்து பிப்ரவரியில் போய் நின்றால் தாமதம், இயர் 10-இலேயே பேச்சைத் தொடங்குங்கள்.

இனி டியூஷன். என் மகளுக்கு ஆள் தேடியபோது நான் பார்த்த முதல் விஷயம், அவர் பாடத்தை எங்கிருந்து தொடங்குகிறார் என்பதுதான். பள்ளியில் இந்த வாரம் இருபடிச் சமன்பாடு நடக்கிறது என்பதற்காக அதையே மறுபடி நடத்துகிறவர் இந்தப் பிள்ளைகளுக்கு உதவ மாட்டார். பின்னமோ குறை எண்ணோ எங்கோ அறுந்திருக்கும். அதைத் தேடிப் பார்த்து, ஆறாம் வகுப்புப் பாடமாக இருந்தாலும் அங்கிருந்து கட்டி எழுப்புகிறவர் வேண்டும். பட்டம் எவ்வளவு பெரியது என்பது எனக்கு ஒரு பொருட்டாக இல்லை. கற்றல் சிரமம் உள்ள பிள்ளைகளோடு வேலை செய்திருக்கிறாரா, குற்றப் பின்னணியைச் சரிபார்த்துத் தரும் என்ஹான்ஸ்டு டிபிஎஸ் சான்று வைத்திருக்கிறாரா, இது இரண்டையும் கேளுங்கள்.

ஊர் ஆசிரியரே வேண்டும் என்றால் ஒன்றை யோசியுங்கள். இங்கே மாலை ஆறு மணி என்றால், குளிர்காலத்தில் அங்கே இரவு பதினொன்றரை. ஆசிரியர் களைத்திருப்பார். அதைவிட முக்கியம், முறை. இங்கே பெருக்கலுக்குக் கட்டம் போடுவார்கள், வகுத்தலை பஸ் ஸ்டாப் என்று ஒரு வடிவத்தில் எழுதுவார்கள். நாம் படித்தது வேறு மாதிரி. மற்ற பிள்ளைகள் இரண்டையும் சமாளித்துவிடலாம். ஒரு அடியை நினைவில் வைப்பதற்குள் முந்தைய அடி நழுவிப் போகிற பிள்ளைக்கு இரண்டு முறை என்பது இரட்டைச் சுமை. பள்ளி எந்த முறையில் எழுதுகிறதோ அதை மட்டும் பின்பற்றச் சொல்லுங்கள். வீட்டில் சொல்லித்தரும் அப்பாக்களுக்கும் இது பொருந்தும்.

வகுப்பு எப்படி நடக்க வேண்டும்? ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணி நேரம் உட்கார வைப்பதைவிட, வாரம் இரண்டு மூன்று முறை முப்பது நாற்பது நிமிடம் நல்லது. ஒவ்வொரு வகுப்பும் போன வாரத்துக் கணக்கு இரண்டு மூன்றோடு தொடங்கட்டும். கணக்கைக் கீபோர்டில் தட்டச் சொல்லாதீர்கள், அது தனி வேதனை. பழைய போன் ஒன்றைப் புத்தக அடுக்கின் மேல் வைத்து நோட்டைப் பார்க்கும்படி திருப்பிவிட்டால், பிள்ளை எழுத எழுத எந்த அடியில் தவறியது என்று ஆசிரியருக்குத் தெரியும். விடையை மட்டும் பார்க்கிற டியூஷனில் அது தெரியாது. இயற்கணிதத்துக்கு பாலிபேட் தளத்தில் இலவசமாகத் திரையில் நகர்த்தக்கூடிய ஓடுகள் இருக்கின்றன. முதலில் ஓடு, பிறகு படம், அதன் பிறகு எழுத்து என்று போகிற ஆசிரியர் கிடைத்தால் அவரை விட்டுவிடாதீர்கள். "புரிஞ்சுதா?" என்று கேட்டால் எல்லாப் பிள்ளையும் தலையாட்டும். "எனக்குத் திருப்பிச் சொல்லித் தா" என்று கேட்கிற ஆசிரியரைத் தேடுங்கள். இடைப்பட்ட நாட்களுக்கு கார்பெட்மேத்ஸ் தளத்தின் 'ஃபைவ் எ டே' தாள்கள் போதும், காசு கிடையாது.

கால்குலேட்டரை நம் வீடுகளில் குறுக்குவழி என்று ஒதுக்குகிறோம். இந்தப் பிள்ளைகள் விஷயத்தில் அது நியாயமே இல்லை. ஜிசிஎஸ்இ கணக்கில் மூன்று தாள், அதில் இரண்டுக்குக் கால்குலேட்டர் உண்டு. வாய்ப்பாடு மனதில் நிற்காத பிள்ளைக்கு அந்த இரண்டு தாளும்தான் மூச்சு விடும் இடம். தேர்வுக்குக் கொண்டு போகும் அதே மாடலை டியூஷனிலும் பயன்படுத்தட்டும். பின்னம் போடும் பட்டன் எங்கே என்பதையும் பாடமாகவே சொல்லித்தரச் சொல்லுங்கள்.

அப்புறம், எளிய தாளான ஃபவுண்டேஷனா, கடினமான ஹையரா என்ற கேள்வி வரும். மதிப்பெண் 1 முதல் 9 வரையான கிரேடுகளில் வரும், ஃபவுண்டேஷனில் அதிகபட்சம் 5 எடுக்கலாம். பெரும்பாலான கல்லூரிகளும் வேலைகளும் கேட்பது 4 தான். பக்கத்து வீட்டுப் பிள்ளை ஹையர் எழுதுகிறது என்பதற்காகப் பள்ளியோடு சண்டை போடாதீர்கள். முதல் முறை 4 வராவிட்டாலும் நவம்பரில் மறுபடி எழுதலாம், பதினாறு வயதுக்குப் பிறகும் கணக்குப் படிப்பு தொடரும். டியூஷன் ஆசிரியரிடம் எந்தத் தாள், எந்தத் தேர்வு வாரியம் என்பதை முதல் வகுப்பிலேயே சொல்லிவிடுங்கள், சென்கோ தந்த உதவித் திட்டத்தின் நகலையும் கொடுங்கள்.