வெல்டிங் மிஷின் பாடியில் ஷாக் அடிக்குது, கிளாம்ப் போட்டும் நிக்கல

கேள்வி:
வணக்கம். புதுசா வாங்கின 200 ஆம்பியர் இன்வெர்ட்டர் வெல்டிங் மிஷின், சிங்கிள் பேஸ் 230 வோல்ட். ஆன் பண்ணிட்டுப் பாடியில புறங்கை பட்டா சுருக்குன்னு கடிக்குது. டெஸ்டர் வெச்சா மங்கலா எரியுது. வெல்டிங் மட்டும் நல்லா வருது. ஷெட்ல இருக்கிறது பழைய வயரிங், சாக்கெட்டோட எர்த் முனைக்கு ஒயரே வரல. வந்து பார்த்த வயர்மேன், "சாக்கெட்டுக்குள்ளயே நியூட்ரலையும் எர்த்தையும் ஒரு துண்டு ஒயரால சேர்த்துடலாம், ஷாக் நின்னுடும்"ங்கிறார். செய்யலாமா?

பதில்:
வேண்டவே வேண்டாம். இன்னிக்கு ஷாக் நின்ன மாதிரிதான் தெரியும். என்னிக்காவது அந்த நியூட்ரல் வழியில எங்கயாவது விட்டுப்போச்சுன்னா, மிஷினுக்குள்ள போன பேஸ் நியூட்ரல் பக்கமா வெளிய வந்து, அந்தத் துண்டு ஒயர் வழியா பாடியில ஏறி நிக்கும். ஓவர் கரண்ட்டுக்கு விழுற எம்சிபி ஸ்விட்சும் விழாது. நீங்க தொட்டாத்தான் தெரியும்.

இப்ப வர்ற கடிக்கு பெரும்பாலும், உள்ள பேஸ், நியூட்ரல் ரெண்டுலயிருந்தும் பாடிக்குப் போட்டிருக்கிற ஃபில்டர் கெபாசிட்டர்தான் காரணம். அது எர்த் இருக்குன்னு நம்பி வெச்சது. எர்த் இல்லாதப்ப பாடி பாதி வோல்டேஜ்ல, அதாவது 115 பக்கம் மிதக்கும். கரண்ட் கம்மிங்கிறதால கடியோட போகுது. ஆனா இன்சுலேஷன் போயிருந்தாலும் ஆரம்பத்துல இப்படியே இருக்கலாம். எர்த் வர்ற வரைக்கும் மிஷினை ஆன் பண்ணாதீங்க.

கேட்டவர்:
எர்த் கிளாம்ப்பை ஜாப்ல, அதான் வெல்ட் பண்ற இரும்புல, மாட்டியிருக்கேனே அண்ணா, ஜாப்பும் தரையிலதான கிடக்கு?

இன்னொருவர்:
அதுக்கும் பாடி எர்த்துக்கும் சம்பந்தமே இல்லை தம்பி. ஹோல்டர் வழியா போன கரண்ட் மிஷினுக்குத் திரும்பி வர்றதுக்குத்தான் கிளாம்ப். உள்ள டிரான்ஸ்ஃபார்மர் அந்தப் பக்கத்தைச் சப்ளையிலிருந்து தனியா பிரிச்சுடுது. பாடிக்குப் பாதுகாப்பு, பிளக்ல வர்ற பச்சை ஒயர் மட்டும்தான்.

கிளாம்ப்பை ஷெட் தூண்ல மாட்டிட்டு வேற இடத்துல ராடு உரசுறவங்களும் உண்டு. 120 ஆம்பியர் திரும்ப வழி தேடும்போது, பக்கத்துல கிடக்கிற ட்ரில்லிங் மிஷினோட எர்த் ஒயர் கிடைச்சாலும் அதுல பாஞ்சிடும். அந்த மெல்லிசு ஒயர் உள்ளுக்குள்ளயே உருகிப் போய்க் கிடக்கும், யாருக்கும் தெரியாது. பெயின்ட், துருவைச் சுரண்டிட்டு, வெல்ட் பண்ற இடத்துக்குப் பக்கத்துல ஜாப்லயே கடிக்க விடுங்க.

ஈரக் கையுறையோட ராடு மாத்தாதீங்க. ஹோல்டர் பக்கத்து ஷாக்கை ஆர்சிசிபி (கரண்ட் எர்த்துக்குக் கசிஞ்சா லைனை வெட்டுற ஸ்விட்ச்) பார்க்காது. வெல்டிங் மிஷினுக்கான ஐஇசி 60974-1 தரநிலை, வெல்ட் பண்ணாம சும்மா இருக்கும்போது ஹோல்டர்ல சாதாரண இடத்துக்கே 113 வோல்ட் டிசி வரைக்கும் அனுமதிக்குது, சின்ன விஷயமில்லை.

முதலில் பதில் சொன்னவர்:
லைனைப் பத்தி: டிபி பெட்டியிலிருந்து மிஷினுக்குத் தனி லைன், எர்த்தோட. நேம்பிளேட்ல ஐ1மேக்ஸ் (I1max, மிஷின் இழுக்கிற அதிகபட்சம்), ஐ1எஃப் (I1eff, விட்டு விட்டு ஓடுறதைக் கணக்கில எடுத்த கரண்ட்)னு ரெண்டு கரண்ட் போட்டிருக்கும். ஒயர் தடிமனை ஐ1எஃபை வெச்சு முடிவு பண்ணணும். ஐ1மேக்ஸ் 32, டூட்டி சைக்கிள் (மொத்த நேரத்துல வெல்ட் ஓடுற பங்கு) 40 சதவீதம்னா ஐ1எஃப் சுமார் 20 வரும். எக்ஸ்டென்ஷன் சுருளை முழுசா பிரிச்சுத்தான் ஓட்டணும், சுத்தின வாக்குல விட்டா சூடேறி உருகும்.

முடிச்சதும் பிளக்கை வெளிய எடுத்து, எர்த் பின்னுக்கும் பாடியில பெயின்ட் இல்லாத ஸ்க்ரூவுக்கும் மல்டிமீட்டர் வையுங்க. 1 ஓம்க்குள்ள காட்டணும். சாக்கெட் பக்கத்து எர்த்துக்கு மல்டிமீட்டரை நம்பாதீங்க, ஒத்தை இழையில தொங்கினாலும் பேஸுக்கும் எர்த்துக்கும் நடுவுல 230 காட்டும். எர்த் வழியில நிஜமா கரண்ட் விட்டுப் பார்க்கிற லூப் டெஸ்டர் இருக்கிற ஆளைக் கூப்பிடுங்க.

கேட்டவர்:
வேற வயர்மேனை வெச்சு தனி லைன் போட்டாச்சு, ஷெட்ல எல்லா சாக்கெட்டுக்கும் எர்த் இழுத்தாச்சு. கடி சுத்தமா இல்லை. ஆனா ராடு உரசினதும் ஷெட்டுக்குப் புதுசா வெச்ச 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி விழுது.

முதலில் பதில் சொன்னவர்:
வெல்டிங் பிளக்கைப் பிடுங்கிட்டு வேற பெரிய லோடு ஏதாவது போட்டுப் பாருங்க. அதுக்கும் விழுந்தா மிஷின் மேல தப்பில்லை, எங்கயோ நியூட்ரல் எர்த்தைத் தொடுது. மெயினை ஆஃப் பண்ணிட்டு மத்த சாக்கெட்டையெல்லாம் கழட்டச் சொல்லுங்க. அந்தத் துண்டு ஒயர் வைத்தியத்தை யாராவது முன்னாடியே பண்ணியிருப்பாங்க.

கேட்டவர்:
கிரைண்டர் சாக்கெட்டுக்குள்ள இருந்துச்சு அண்ணா, சிவப்பு ஒயர்ல! எடுத்ததும் ட்ரிப் நின்னுடுச்சு.