களிமண் சோதனையில் ரப்பர் உறையின் பங்கைக் கழிக்க வேண்டுமா?

பாளை மண் ஆய்வாளர்:
ஒரு குளக்கரையை உயர்த்துவதற்காக எடுத்த மென்களியை டிரையாக்சியல் கருவியில் (மாதிரியைச் சுற்றிலும் நீரால் அழுத்தி, மேலிருந்து சுமை ஏற்றும் கருவி) சோதித்த அறிக்கையைப் பார்த்தேன். மாதிரியைப் போர்த்திய ரப்பர் உறை தாங்கிய சுமையைக் கழிக்காமலே, வெட்டு வலிமை (மண் சறுக்கி முறியாமல் தாங்கும் திறன்) 15 கிலோபாஸ்கல் என்று எழுதியிருக்கிறார்கள். மாதிரியின் விட்டம் 38 மி.மீ., உறையின் தடிமன் 0.3 மி.மீ., திரிபு, அதாவது மாதிரியின் உயரம் அமுங்கிய அளவு, 15 விழுக்காடு. உறையின் ரப்பரான லேடக்ஸின் மீள்குணகத்தை (அதன் விறைப்பின் அளவு) 1,400 கிலோபாஸ்கல் எனக் கொண்டு, குணகம், தடிமன், திரிபு ஆகியவற்றின் பெருக்கலை நான்கு மடங்காக்கி விட்டத்தால் வகுத்தால், உறையின் பங்கு 6.6 கிலோபாஸ்கல் ஆகிறது. அளந்த தகைவு வேறுபாடே (மேலிருந்து வரும் அழுத்தத்துக்கும் பக்க அழுத்தத்துக்கும் உள்ள வித்தியாசம்) 30தான்; அதில் பாதிதான் வெட்டு வலிமை. கழித்தபின் வலிமை 11.7 ஆகக் குறைகிறது. கரைச் சரிவின் உறுதியை 15 கொண்டு கணக்கிடுவது ஆபத்தானது.

கரிசல்காட்டான்:
அண்ணாச்சி, அந்தச் சூத்திரம், மண்மாதிரி நடுவில் பருத்து முறியும் நிலைக்கு உரியது. கோவில்பட்டிப் பக்கத்துக் காய்ந்த கரிசல் 3 விழுக்காட்டுத் திரிபில் சாய்வாகப் பிளந்தால், அதுவரை உறை தாங்கியது 1.3 கிலோபாஸ்கல்தான்; 300 தாங்கும் மண்ணில் அது பொருட்டன்று. மேலும், குழாய் இறக்கி மாதிரி எடுக்கும்போதே களிமண் குலைந்து வலிமை இழக்கிறது. அந்த இழப்பைக் கூட்டாமல் உறையின் பங்கை மட்டும் கழிப்பது ஒருதலையான திருத்தம்.

பாளை மண் ஆய்வாளர்:
கரிசலுக்கு நீங்கள் சொல்வது பொருந்தும், தம்பி. இந்தச் சோதனைக்கான அமெரிக்கத் தர நெறியான ஏ.எஸ்.டி.எம். டி 4767உம் பிழை 5 விழுக்காட்டைத் தாண்டினால்தான் திருத்தச் சொல்கிறது. ஆனால் மென்களியில் உச்சம் தெரிவதில்லை. திரிபு ஏற ஏறச் சுமையும் ஏறுகிறது, உறையின் பங்கும் கூடவே ஏறுகிறது. குலைவால் எவ்வளவு இழந்தோம் என்பதை அளக்க வழியில்லாதபோது, அளக்கக்கூடிய ஒரு பிழையை அதற்கு ஈடாக வைப்பதை நான் ஏற்கமாட்டேன்.

ஆற்றுமணல்:
மெல்லிய ரப்பர் அமுக்கத்தில் சுருண்டுவிடாதா என்று கேட்பவர்களுக்கு ஒன்று: செல் அழுத்தம் (மாதிரியைச் சுற்றியுள்ள நீரின் அழுத்தம்) அதை மண்ணோடு ஒட்டி நிறுத்துவதால் அது அமுக்கத்தையும் தாங்கும் என்பதை ஆய்வாளர்கள் ஹெங்கலும் கில்பர்ட்டும் 1952இல் காட்டினார்கள். பருமணலில் உறை மணிகளின் இடுக்கில் புகுந்து கன அளவு மாற்றத்தைப் பிழையாக்குவது வேறு சிக்கல். களிமண்ணுக்கு அது இல்லை. என் கவலை 1,400 என்ற எண்ணைப் பற்றியது. உறையிலிருந்து 15 மி.மீ. அகல வளையம் வெட்டி, மெல்லிய கம்பியில் தொங்கவிட்டு, எடை ஏற்றி நீட்சியை அளந்தால் நம் கையிலுள்ள உறையின் குணகமே கிடைத்துவிடும்.

கரிசல்காட்டான்:
அப்படி அளந்த குணகத்தை அறிக்கையில் எழுதினால் திருத்தத்தை ஏற்கிறேன். அளக்காத இடத்தில் கழிக்காத எண்ணையும் பக்கத்தில் அச்சிட வேண்டும்.

பாளை மண் ஆய்வாளர்:
இரண்டையும் அச்சிடலாம். கரையின் கணக்குக்கு நான் 11.7ஐத்தான் எடுப்பேன்.