நாரா: அப்பாவோடு சனி, ஞாயிறு நடந்தே பார்க்க, ஆளுக்கு 10,000 யெனுக்குள்

மலர்விழி எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். அலுவலகப் பயிற்சிக்காக மார்ச் முதல் வாரம் ஒசாகா வருகிறேன். அப்பாவும் கூட வருகிறார். ஒரு சனி, ஞாயிறுதான் எங்களுக்குக் கிடைக்கும். நாரா போக ஆசை.

அப்பா ஓய்வு பெற்ற வரலாற்று ஆசிரியர். சிலைக்கு முன்னால் நின்றுவிட்டால் நகரவே மாட்டார். நன்றாக நடப்பார், ஆனால் செங்குத்தான படி ஏறினால் மூட்டு வலி வந்துவிடும். இருவரும் சைவம், முட்டையும் கிடையாது. ஒசாகாவிலிருந்து ரயில், இரவுத் தங்கல், சாப்பாடு, நுழைவுச்சீட்டு எல்லாம் சேர்த்து ஆளுக்கு 10,000 யெனுக்குள் முடியுமா? தங்காமல் ஒரே நாளில் போய் வந்தால் நல்லதா? ஜேஆர் பாஸ் (ஜப்பான் ரயில் பாஸ்) எடு என்று அலுவலகத்தில் சொல்கிறார்கள். தேவைப்படுமா?

கியோட்டோ கணேஷ் எழுதியது:

நாராவுக்கு அரை நாள் தாராளம். மான், பெரிய புத்தர், ஒரு காபி, அவ்வளவுதான். மிச்ச நேரத்தைக் கியோட்டோவுக்கு வையுங்கள். ஒரு இரவை நாராவில் செலவழிப்பது வீண்.

இகோமா அக்கா எழுதியது:

கணேஷ் தம்பி சொல்றதுக்கு நேர் எதிரா சொல்லப் போறேன். மலர், நாராவுல ராத்திரி தங்குங்க. நான் இருக்கிற இகோமா, ஒசாகாவுக்கும் நாராவுக்கும் நடுவுல கின்டெட்சு ரயில் பாதையில இருக்கு. லீவு கிடைச்சா கால் தானா நாரா பக்கம்தான் போகும். ஒரு நாள் சுற்றுலாக் கூட்டம் காலையில பத்து மணிக்கு மேல வந்து இறங்கும், சாயங்காலம் கிளம்பிடும். அதுக்கு முன்னாடியும் பின்னாடியும் நடக்கிறவங்களுக்குத்தான் அந்த ஊர் கிடைக்கும். அந்த நேரத்துல பாக்கிறது பெரும்பாலும் இலவசம். அதிலயும் நீங்க வர்றது மார்ச் முதல் வாரம்! ஏன் இவ்வளவு குஷிப்படுறேன்னு கீழ சொல்றேன்.

முதல்ல ரயில். ஜேஆர் பாஸ் வேண்டவே வேண்டாம். ஏழு நாள் பாஸ் 2023 அக்டோபர்ல 29,650 யென்லருந்து 50,000 ஆயிடுச்சு. ஒசாகா நம்பாவுல கின்டெட்சு ஏறினா ஆளுக்கு 680 யென், முக்கால் மணி நேரத்துக்குள்ள நாரா. தொக்க்யூங்கிற சிறப்பு விரைவு வண்டிக்கு மட்டும் தனிச் சீட்டு வாங்கணும், அதை விட்டுடுங்க. ஜேஆர் நிலையம் மேற்கால தள்ளி இருக்கு. கின்டெட்சு நிலையம் தரைக்கடியில. மேல ஏறி கிழக்கே கொஞ்சம் நடந்தாலே மான் எதிர்ல வந்து நிக்கும்.

மத்தபடி சீட்டு வாங்கி உள்ள போக மூணு இடம் போதும். சனிக்கிழமை மத்தியானம் பையை வச்சுட்டு நேரா கோஃபுகுஜி கோயிலோட பொக்கிஷக் கூடத்துக்குப் போங்க. ஆயிரம் யெனுக்குள்ள வரும். அங்க இருக்கிற அசுரனை அப்பா பாத்தே ஆகணும். 734-ல செஞ்சது, மூணு முகம், ஆறு கை. மரமும் இல்ல, கல்லும் இல்ல. மண்ணால உரு பிடிச்சு, அது மேல உருஷிங்கிற மரப்பால்ல தோய்ச்ச சணல் துணியை அடுக்கடுக்கா ஒட்டி, காஞ்சதும் உள்ள இருக்கிற மண்ணை எடுத்துட்டாங்க. அதனால உள்ள வெறும் கூடு. கோயில் எத்தனையோ தடவை எரிஞ்சும் இது தப்பிச்சதுக்கு, கையால தூக்கிட்டு ஓட முடிஞ்சதும் ஒரு காரணம்னு சொல்வாங்க. கை ஒவ்வொண்ணும் குச்சி குச்சியா இருக்கும். நடு முகத்துல புருவம் சுருங்கி, அழுகையை அடக்கிட்டு நிக்கிற சின்னப் பையன் மாதிரி இருக்கும். அசுரன்னா கோரமா செய்யணும்னு அந்தச் சிற்பிக்குத் தோணவே இல்ல பாருங்க. அதே வரிசையில கருடன் அலகோட, கவசம் போட்டு நிப்பார். கின்னரரும் உண்டு. இதையெல்லாம் அப்பா யார்கிட்டயும் கேக்காமலே அடையாளம் கண்டுபிடிப்பார். வெளிய இருக்கிற ஐந்தடுக்குக் கோபுரத்துல பெரிய பழுதுபார்ப்பு வேலை நடக்குது, மூடியிருக்கும். அதுக்காக வருத்தப்படாதீங்க.

இப்ப மார்ச் விஷயம். தோதாய்ஜி கோயிலுக்குச் சேர்ந்த நிகாட்சுதோ மண்டபத்துல மார்ச் 1 முதல் 14 வரைக்கும் ஷுனியே வழிபாடு. 752-ல ஆரம்பிச்சது, ஒரு வருஷம்கூட விட்டதில்ல. கோயில் எரிஞ்ச காலத்துலயும் நடந்திருக்கு. பெரும்பாலான நாள் ராத்திரி பத்து பெரிய மூங்கில் பந்தத்தைக் கொளுத்தி, ஒவ்வொண்ணா படி வழியா மேல கொண்டு போவாங்க. மண்டபத் திண்ணை ஓரத்துல நின்னு பந்தத்தைச் சுழட்டும்போது தீப்பொறி மழையா கொட்டும். அந்தப் பொறி மேல பட்டா நல்லதுன்னு ஜனங்க கிட்டப் போய் நிப்பாங்க. 12-ஆம் தேதி பந்தம் இன்னும் பெரிசு, கூட்டம் தாங்காது, அன்னிக்கு வேண்டாம். முதல் வாரத்துல ஏழு மணிக்கு ஆரம்பம். சனிக்கிழமைங்கிறதால ஐந்தரைக்கே கீழ புல்வெளியில இடம் பிடிங்க. ஒரு யென் செலவில்லை. குளிர் எலும்பு வரைக்கும் ஏறும், அப்பாவுக்குக் குல்லா, கையுறை கண்டிப்பா. நைலான் மேல்கோட்டு வேண்டாம், பொறி பட்டா ஓட்டை விழும்.

ஒரே ஒரு சிக்கல், அந்த வாரம் அறை விலை ஏறும். இப்பவே பதிவு பண்ணுங்க. நாராவுக்கு ஒரு ஸ்டேஷன் முன்னாடி ஷின் ஓமியாவுல சின்ன பிசினஸ் ஹோட்டல்கள் இருக்கு, பூங்கா ஓரத்தைவிட விலை குறையும். அங்கருந்து நடந்தே வந்துடலாம்.

ஞாயிறு காலையில சீக்கிரம் எழுந்து தோதாய்ஜி கோயிலோட நந்தாய்மோன் வாசலுக்கு வாங்க. ரெண்டு பக்கமும் எட்டு மீட்டர் உயர மரக் காவல் சிலை. 1203-ல உன்கேய், கைகேய்னு ரெண்டு பெரிய சிற்பிகள் தங்கள் பட்டறை ஆளுங்களோட 69 நாள்ல செஞ்சு முடிச்சது. ஒரே மரத்துல குடைஞ்சதில்ல, ஆயிரக்கணக்கான துண்டுகளைப் பொருத்தினது. கூட்டம் வந்துட்டா வாசல் நடுவுல நின்னு அண்ணாந்து பாக்க முடியாது.

மார்ச்ல பெரிய புத்தர் மண்டபம் எட்டு மணிக்குத் திறக்கும், 800 யென். உள்ள ஓடாதீங்க. முதல்ல வாசல் முன்னாடி இருக்கிற எட்டுப்பட்டை வெண்கல விளக்கைப் பாருங்க. மண்டபம் 1180-லயும் 1567-லயும் எரிஞ்சுது, இப்ப இருக்கிறது 1709-ல கட்டினது. அந்த விளக்கு எட்டாம் நூற்றாண்டோடது. அதுல புல்லாங்குழல் ஊதுற போதிசத்துவரோட மேலாடை காத்துல பறக்கும். புத்தர் உட்கார்ந்திருக்கிற தாமரை இதழ்கள்லயும் சிலது அந்தக் காலத்தோடது. தலை பின்னாடி வார்த்தது.

அப்பாகிட்ட இதைச் சொல்லுங்க: 752-ல அந்தப் புத்தருக்குக் கண் திறந்தவர் இந்தியாவுலருந்து 736-ல வந்த போதிசேனர். தூரிகையில நீளமா நூல் கட்டி, கீழ கூடியிருந்தவங்க அதைப் பிடிச்சுக்கிட்டாங்க, கண் எழுதுற புண்ணியத்துல எல்லாருக்கும் பங்கு கிடைக்கணும்னு. அந்தத் தூரிகையும் நூலும் ஷோசோஇன் களஞ்சியத்துல இன்னிக்கும் பத்திரமா இருக்கு. களஞ்சியக் கட்டடத்தை வெளியிலருந்து பாக்க வார நாள்லதான் விடுவாங்க, உங்களுக்குத் தோதுப்படாது.

மண்டபத்துக்குப் பின்பக்கமா நிகாட்சுதோவுக்கு ஒரு கல் பாவின சரிவு ஏறுது. ரெண்டு பக்கமும் மண் சுவர், சுவருக்குள்ள பழைய ஓடுகளை வரிவரியா பதிச்சிருப்பாங்க. நாராவுல எனக்கு ரொம்பப் பிடிச்ச பாதை அதுதான். மேல போனா இலவச ஓய்வுக்கூடம், சூடா தேநீர் வச்சிருப்பாங்க. நாமே ஊத்திக் குடிச்சுட்டுக் கோப்பையைக் கழுவி வைக்கணும்.

புளிச்சோறு எழுதியது:

சாப்பாட்டைப் பற்றி நான் சொல்கிறேன். ஜப்பானில் பத்து வருடத்துக்கு மேலாகச் சைவமாகவே இருக்கிறேன். உடோன், சோபா நூடுல்ஸ், மிசோ சூப் எல்லாவற்றிலும் பெரும்பாலும் தாஷி என்ற மீன் சாறு இருக்கும். காய்கறி மட்டும் மிதக்கிறதே என்று ஏமாந்துவிடாதீர்கள். "இறைச்சி, மீன், முட்டை, மீன் தாஷி சாப்பிட மாட்டோம்" என்று ஜப்பானிய மொழியில் ஒரு சீட்டு அச்சிட்டுக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். கடைக்காரர்கள் அதைக் கவனமாகப் படித்து, முடியாது என்றால் மரியாதையாகச் சொல்லிவிடுவார்கள்.

நாராவின் பழைய காலை உணவு சாகாயு, வறுத்த தேயிலையில் வேகவைத்த அரிசிக் கஞ்சி. அப்பாவுக்கு ஒத்துப்போகும். கூட வைக்கும் தொடுகறிகளை மட்டும் கேட்டுச் சாப்பிடுங்கள். சூப்பர் மார்க்கெட்டில் சாயங்காலத்துக்கு மேல் தயார் உணவுக்குப் பாதி விலை ஒட்டுவார்கள். தோஃபு, வாழைப்பழம், வெறும் சோறு மூன்றும் எங்கும் கிடைக்கும். வீட்டிலிருந்து பருப்புப்பொடி கொண்டு வந்தால் இரவுச் சாப்பாடு 400 யெனுக்குள் முடிந்துவிடும்.

மார்ச்சில் ஷுனியே சமயம் இனிப்புக் கடைகளில் காமெலியாப் பூ வடிவில் சிவப்பும் வெள்ளையுமாக ஒரு பலகாரம் வரும். துறவிகள் அந்த வழிபாட்டுக்காகச் செய்யும் காகிதப் பூவைப் பார்த்துச் செய்தது. நடுவிலிருக்கும் மஞ்சளில் முட்டைக் கரு சேர்ப்பவர்கள் உண்டு, கேட்டு வாங்குங்கள்.

மலர்விழி எழுதியது:

அக்கா, படிக்கும்போதே அப்பா கையிலிருந்து போனைப் பிடுங்கிக்கொண்டார்! போதிசேனர் பத்தியை இரண்டு முறை படித்தார். மிக்க நன்றி. ஒரே சந்தேகம், நிகாட்சுதோ படி அவருக்கு முடியுமா? அதற்குப் பிறகு ஞாயிறு மத்தியானம் எங்கே போகலாம்?

இகோமா அக்கா எழுதியது:

வடக்குப் பக்கம் கூரை போட்ட படிக்கட்டு இருக்கு, கல் படி. ஒரு பக்கமா நின்னு நின்னு ஏறினா போதும். ராத்திரி பந்தம் ஏறுறது அதே வழியிலதான். காலையில போறப்ப மேல கூரை மரத்தைப் பாக்கச் சொல்லுங்க. இறங்கும்போதும் அதே வழி, அவசரம் வேண்டாம்.

அப்புறம் தெற்கே கசுகா கோயில். வழி நெடுக கல் விளக்கு, ரெண்டாயிரத்துக்கிட்ட. வெளிப் பிராகாரத்துக்குச் சீட்டு இல்ல, உள்ள போக வேண்டியதும் இல்ல. அங்கருந்து தகாபதாகே பக்கம் இறங்குற காட்டுப் பாதை முழுக்க ஆசேபின்னு ஒரு செடி. விஷம்ங்கிறதால மான் வாய் வைக்காது, அதனாலயே காடா வளந்து கிடக்கு. மார்ச்ல வெள்ளை மணி மணியா பூத்திருக்கும். அந்தப் பாதை விடற இடத்துலருந்து கொஞ்ச தூரத்துல ஷின் யகுஷிஜி, 600 யென். நான் சொன்ன மூணாவது சீட்டு இதுதான். இருட்டுக் கூடத்துல பன்னிரண்டு காவல் தளபதிகள் வட்டமா நிப்பாங்க, ஆளுயரம், சுடாத களிமண். பதினொண்ணு எட்டாம் நூற்றாண்டு, ஒண்ணு மட்டும் பிற்காலத்துல செஞ்சு வச்சது. எது புதுசுன்னு அப்பாவே கண்டுபிடிக்கட்டும். அங்க ஒரு மணி நேரம் ஒதுக்குங்க. அதுக்கு மேல கால் வலிச்சா பஸ் ஏறி நிலையத்துக்கு வந்துடலாம். வலிக்கலேன்னா நாராமாச்சி சந்துகள் வழியா நடங்க. பழைய மர வீடுகளோட இறவாரத்துல சிவப்புத் துணிக் குரங்கு பொம்மை தொங்கும், வீட்டுல எத்தனை பேரோ அத்தனை. வர்ற கெட்டதை அது வாங்கிக்கும்னு நம்பிக்கை.

கணக்கு: ரயில் 1,360, சீட்டு மூணுக்கும் 2,300 வாக்குல. சாப்பாட்டுக்கு 2,000 வச்சா, அறைக்கு ஆளுக்கு 4,300 மிச்சம். ஷின் ஓமியாவுல ரெட்டைக் கட்டில் அறையா இந்த வாரமே தேடுங்க, பிப்ரவரி வரைக்கும் விட்டா அந்த விலைக்குக் கிடைக்காது.